ஃபிஜியில் கையால் வரைந்த எல்லைக்கோட்டின் எக்ஸ், ஒய் புள்ளிகளை வெளியே எடுப்பது எப்படி?

வரைகோடு (கேள்வி)

வணக்கம். ஃபிஜி என்ற படப் பகுப்பாய்வு மென்பொருளில், நுண்ணோக்கிப் படங்களில் செல்களைச் சுற்றி ஃப்ரீஹேண்ட் கருவியால் கையாலேயே கோடு வரைகிறேன். ஒரு படத்துக்கு முப்பது நாற்பது செல் இருக்கும். வரைந்ததும் டி விசையைத் தட்டி ஆர்ஓஐ மேனேஜரில் (வரைந்த பகுதிகளைப் பட்டியலாக வைக்கும் சாளரம், ஒவ்வொரு பகுதியும் ஒரு ஆர்ஓஐ) சேர்த்துவிடுகிறேன், அதுவரை ஒரு சிக்கலும் இல்லை. எனக்கு இப்போது வேண்டியது பரப்பளவோ சராசரி ஒளிர்வோ இல்லை, நான் வரைந்த அந்தக் கோடு எந்தெந்தப் புள்ளி வழியாகப் போகிறது என்ற முழுப் பட்டியல்தான்.

மெஷர் கொடுத்தால் ஒரு செல்லுக்கு ஒரே ஒரு எக்ஸ், ஒரே ஒரு ஒய் வருகிறது. மேனேஜரில் மோர் போய் லிஸ்ட் கொடுத்தால் எக்ஸ், ஒய், அகலம், உயரம் என்று வருகிறது, அதுவும் கோடு இல்லை. செல்லின் ஓரம் எங்கே உள்ளே மடங்குகிறது, எங்கே வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது என்பதைக் கணக்கிட வேண்டும், அதற்கு வெளிக்கோடு முழுவதும் தேவை. தானாகப் பிரித்தெடுக்கும் முறைகளைப் பரிந்துரைக்க வேண்டாம், செல்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டும் ஒன்றின் மேல் ஒன்று ஏறியும் கிடக்கின்றன, கண்ணால் பார்த்துத்தான் எது யாருடைய ஓரம் என்று சொல்ல முடிகிறது.

மேக்ரோ (ஃபிஜிக்குக் கட்டளைகளை வரிசையாகச் சொல்லும் சிறு நிரல்) கொஞ்சம் படிக்கத் தெரியும், எழுதிப் பழக்கமில்லை. பைத்தானில் வரைபடம் போடுகிற அளவுக்குத் தெரியும்.

நுண்ணோக்கி

மெஷரில் வரும் அந்த ஒரு ஜோடி எக்ஸ், ஒய் செல்லின் மையம், அதாவது சென்ட்ராய்டு. லிஸ்டில் வருவது செல்லைச் சுற்றிப் போட்ட செவ்வகம். இரண்டிலும் நீங்கள் தேடுவது கிடைக்காது.

ஒரே ஒரு செல் என்றால் மேக்ரோவே வேண்டாம். மேனேஜரில் அந்த ஆர்ஓஐயைச் சொடுக்குங்கள், படத்தில் கோடு தெரியும். அப்புறம் ஃபைல் → சேவ் ஆஸ் → எக்ஸ்ஒய் கோஆர்டினேட்ஸ். இரண்டு நெடுவரிசை உள்ள உரைக்கோப்பாகச் சேமித்துவிடும். கோப்பு வேண்டாம், கண்ணால் ஒரு தடவை பார்த்தால் போதும் என்றால் எடிட் → செலக்ஷன் → ப்ராப்பர்ட்டீஸ் திறந்து லிஸ்ட் கோஆர்டினேட்ஸ் கட்டத்தில் டிக் போட்டால் அட்டவணையாகவே காட்டும்.

மேக்ரோமாலை

முப்பது நாற்பது செல்லுக்கு அப்படி ஒவ்வொன்றாகச் சேமிப்பது கட்டுப்படியாகாது. மேக்ரோ எழுதிப் பழக்கமில்லை என்கிறீர்கள், ஆனால் இது பத்து வரியில் முடிகிற வேலை, அதனால் என்ன செய்ய வேண்டும் என்று வரிசையாகச் சொல்கிறேன். ஆர்ஓஐ மேனேஜரில் எத்தனை இருக்கிறது என்று கேட்டு அத்தனை முறை சுற்றும் ஒரு ஃபார் லூப். உள்ளே, மேனேஜரில் ஐ-ஆவது ஆர்ஓஐயைத் தேர்ந்தெடுக்கும் ஒரு வரி. அடுத்து ஆர்ஓஐ டாட் கெட்கோஆர்டினேட்ஸ் என்ற கட்டளை, அதற்கு இரண்டு பெயர் கொடுத்தால் எக்ஸ் எல்லாவற்றையும் ஒரு வரிசையிலும் ஒய் எல்லாவற்றையும் இன்னொரு வரிசையிலும் நிரப்பித் தந்துவிடும். பழைய மேக்ரோக்களில் இதே வேலையைச் செய்யும் கெட்செலக்ஷன்கோஆர்டினேட்ஸ் என்ற கட்டளையைப் பார்ப்பீர்கள், அதுவும் சரிதான். கடைசியாக அந்த வரிசைகளின் நீளத்துக்கு இன்னொரு லூப் போட்டு ஒவ்வொரு புள்ளியையும் அட்டவணையில் ஒரு வரியாக எழுதுங்கள்.

அட்டவணையின் அமைப்பில் மட்டும் ஒரு விஷயத்தை வற்புறுத்துவேன். ஒரு செல்லுக்கு இரண்டு நெடுவரிசை என்று பக்கவாட்டில் அடுக்கிக்கொண்டு போகாதீர்கள். ஒரு செல்லில் 212 புள்ளி இருக்கும், பக்கத்துச் செல்லில் 347 இருக்கும், கீழே எல்லாம் வெற்றுக் கட்டமாகவோ பூஜ்ஜியமாகவோ நிரம்பும். அந்தப் பூஜ்ஜியங்களை எவராவது புள்ளி என்று நினைத்துக் கணக்கில் சேர்த்தால் எல்லாச் செல்லிலிருந்தும் படத்தின் மேல் இடது மூலைக்கு ஒரு கோடு ஓடும். நீளவாட்டில் எழுதுங்கள்: படத்தின் பெயர், ஆர்ஓஐ பெயர், புள்ளி எண், எக்ஸ், ஒய். இப்படி இருந்தால் எல்லாப் படங்களின் கோப்பையும் ஒன்றன் கீழ் ஒன்றாக ஒட்டிவிடலாம், பைத்தானில் பெயர் வாரியாகப் பிரிப்பதும் ஒரு வரி.

பெயர் என்றதும் இன்னொன்று. மேனேஜர் தானாக வைக்கும் பெயர் 0231-0418 மாதிரி இருக்கும். அது செல் எண் இல்லை, ஆர்ஓஐயைச் சுற்றிய செவ்வகத்தின் மையம் இருக்கும் இடம், அதிலும் முதலில் வருவது ஒய், பிறகுதான் எக்ஸ். அடுக்குப் படமாக இருந்தால் அதற்கும் முன்னால் ஸ்லைஸ் எண், அதாவது எத்தனையாவது அடுக்கு என்பது, வந்து நிற்கும். ஒரே இடத்தில் மையம் விழும் இரண்டு ஆர்ஓஐ இருந்தால், செல்லும் அதற்குள் நியூக்ளியஸும் (உட்கரு) வரைந்தவர்களுக்கு இது சாதாரணமாக நடக்கும், பெயர் குழம்பிப்போகும். வரையும்போதே ரீநேம் கொடுத்து உங்கள் பெயரை வையுங்கள்.

வரைகோடு

இருவருக்கும் மிக்க நன்றி. மேக்ரோ வேலை செய்கிறது, ஒரு படத்தின் எல்லாச் செல்லும் ஒரே அட்டவணையில் வந்துவிட்டது. ஆனால் அதைப் பைத்தானில் போட்டுப் பார்த்தால் சில விஷயம் புரியவில்லை.

உருவம் தலைகீழாக இருக்கிறது. கோடு முழுதாக மூடவில்லை, தொடங்கிய இடத்துக்கும் முடிந்த இடத்துக்கும் நடுவே சின்ன இடைவெளி. புள்ளிகள் ஒரு பக்கம் நெருக்கமாகவும் இன்னொரு பக்கம் தள்ளித் தள்ளியும் இருக்கின்றன. எல்லாவற்றையும் விட, புள்ளிகளை வைத்துப் பரப்பளவு கணக்கிட்டால் மெஷர் சொன்னதைப் போல கிட்டத்தட்ட 16 மடங்கு வருகிறது. எந்தச் செல்லை எடுத்தாலும் அதே 16தான்.

பல்கோணம்

எல்லாச் செல்லிலும் ஒரே விகிதம் வருகிறது என்றால் புள்ளிகள் சரியாகத்தான் வந்திருக்கின்றன, அலகுதான் வேறு. உங்கள் படத்தில் ஒரு பிக்சல் 0.25 மைக்ரான் என்று ஸ்கேல் போட்டிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். மெஷர் சதுர மைக்ரானில் சொல்கிறது, மேக்ரோ கட்டளை எப்போதும் பிக்சலில்தான் தரும். ஒரு மைக்ரானுக்கு 4 பிக்சல், ஒரு சதுர மைக்ரானுக்கு 16 சதுரப் பிக்சல், அந்த 16தான் இது. கெட்பிக்சல்சைஸ் என்ற கட்டளையால் பிக்சலின் அகலத்தையும் உயரத்தையும் வாங்கி எக்ஸையும் ஒய்யையும் பெருக்கிவிடுங்கள். மேலே நண்பர் சொன்ன சேவ் ஆஸ் வழியில் போனால் ஸ்கேல் உள்ள படத்துக்கு அதுவே பெருக்கித்தான் எழுதும். ஆகவே பாதிச் செல்லை அந்த வழியிலும் மீதியை மேக்ரோவிலும் எடுத்து ஒன்றாகச் சேர்க்கவே கூடாது. என் விருப்பம், கோப்பில் பிக்சலையே வைத்துக்கொண்டு பிக்சலின் அளவை இன்னொரு நெடுவரிசையில் எழுதிவைப்பது. பிறகு ஸ்கேல் தப்பு என்று தெரிந்தாலும் மறுபடி ஃபிஜியைத் திறக்க வேண்டியதில்லை.

தலைகீழாக இருப்பது தப்பே இல்லை. படத்தில் ஒய் மேலிருந்து கீழே எண்ணப்படுகிறது, வரைபடத்தில் கீழிருந்து மேலே. வரைபடத்தின் ஒய் அச்சைத் திருப்பினால் போதும், எண்களைத் தொட வேண்டாம். செட் மெஷர்மென்ட்ஸில் இன்வர்ட் ஒய் கோஆர்டினேட்ஸ் என்று ஒன்று இருக்கிறது, அதைப் பாதியில் மாற்றினால் பழைய அளவீடும் புதிய அளவீடும் ஒத்துப்போகாமல் தொல்லைதான்.

மூடாத இடைவெளிக்குக் காரணம், ஆர்ஓஐயில் முதல் புள்ளியைக் கடைசியில் திரும்ப எழுதுவதில்லை. மூடிய உருவம் என்பது அதன் வகையிலேயே இருக்கிறது. வரைபடத்துக்கும் சுற்றளவுக்கும் முதல் புள்ளியை நீங்களே கடைசியில் ஒட்டிக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் சுற்றளவில் அந்தக் கடைசித் துண்டு விட்டுப்போகும். ஜியோஜேசான் கோப்பு (வடிவங்களின் புள்ளிகளை உரையாக எழுதும் இன்னொரு கோப்பு வகை) வேறு மாதிரி, அதில் பல்கோணத்தின் முதல் புள்ளியும் கடைசிப் புள்ளியும் ஒன்றாகவே இருக்க வேண்டும் என்பது விதி, அங்கிருந்து எடுத்தால் மறுபடி ஒட்டாதீர்கள்.

இனி முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன், புள்ளிகளின் இடைவெளி. ஃப்ரீஹேண்ட் கருவி உங்கள் மவுஸ் நகர்ந்த இடங்களைத்தான் பதிகிறது. மெதுவாகப் போன இடத்தில் புள்ளி நெருக்கம், வேகமாக இழுத்த இடத்தில் இடைவெளி. இன்னொரு காரணமும் உண்டு, எந்த ஜூமில் வரைகிறீர்கள் என்பது. படத்தை 25 சதவீதத்தில் சுருக்கி வைத்து வரைந்தால் திரையில் ஒரு பிக்சல் நகர்வது படத்தில் 4 பிக்சல் தாவுவதற்குச் சமம், எவ்வளவு நிதானமாக வரைந்தாலும் அதைவிட நுணுக்கமான புள்ளி கிடைக்காது. 200, 300 சதவீதத்துக்குப் பெரிதாக்கி வரையுங்கள், எல்லாப் படத்துக்கும் ஒரே ஜூம். எல்லாச் செல்லையும் ஒரே ஆள் வரைந்தாலும் ஜூம் மாறினால் கோட்டின் தன்மையே மாறிவிடும்.

நீங்கள் செய்யப்போவது வளைவைக் கணக்கிடுவது, அதாவது ஓரம் எங்கே உள்ளே மடங்குகிறது என்று பார்ப்பது. அதற்கு இந்தப் புள்ளிகளை வந்தபடியே பயன்படுத்தவே முடியாது, இதைத் தயவுசெய்து மனதில் வையுங்கள். புள்ளிகள் முழு எண்கள். ஒரு புள்ளியிலிருந்து ஒட்டி இருக்கும் அடுத்த பிக்சலுக்குப் போக எட்டே எட்டுத் திசைதான் உண்டு. ஆகவே அடுத்தடுத்த புள்ளிகளுக்கு நடுவே திசை மாறினால் 45 பாகை, 90 பாகை என்றுதான் மாறும். வழுவழுப்பான வட்டத்தை வரைந்தாலும் கணக்கில் அது நேராகப் போய்ச் சட்டென்று திரும்பி மறுபடி நேராகப் போகிற உருவம்தான். அந்த நிலையில் உள்மடிப்பு என்று நீங்கள் எண்ணுவதில் பெரும்பகுதி பிக்சலின் மூலையும் கையின் நடுக்கமும்தான், செல்லின் வடிவம் அல்ல.

எனவே முதலில் எடிட் → செலக்ஷன் → இன்டர்போலேட். இடைவெளி 1 பிக்சல், ஸ்மூத் டிக், அட்ஜஸ்ட் டிக். ஸ்மூத் என்பது ஒவ்வொரு புள்ளியையும் இரு பக்கத்துப் புள்ளிகளோடு சேர்த்துச் சராசரி எடுக்கிறது, அட்ஜஸ்ட் என்பது சுற்றிவந்து முடியும் இடத்தில் துண்டாக நிற்காதபடி இடைவெளியைக் கொஞ்சம் கூட்டிக் குறைக்கிறது. மேக்ரோவில் ஆர்ஓஐயைத் தேர்ந்தெடுக்கும் வரிக்கும் புள்ளிகளை வாங்கும் வரிக்கும் நடுவில் இந்த ஒரு வரியைச் சேர்த்தால் போதும். இப்போது புள்ளிகள் தசமத்தில், சம இடைவெளியில் வரும். ஆனால் மூன்று புள்ளிச் சராசரி வளைவுக் கணக்குக்குப் போதாது, பைத்தானில் கோட்டின் நெடுகிலும் ஒரு காஸியன் மென்மையாக்கல் (அருகில் உள்ள புள்ளிக்கு அதிக எடை தரும் சராசரி) போடுங்கள், முடிவு தொடக்கத்தோடு சேர்கிற மாதிரி ரேப் முறையில். எவ்வளவு அகலம் என்பது உங்கள் முடிவு: எவ்வளவு சின்ன மடிப்பை மடிப்பு என்று ஒத்துக்கொள்வீர்களோ அதைவிடக் குறைவாக, கை நடுக்கத்தைவிட அதிகமாக. கை நடுக்கம் எவ்வளவு என்று தெரிய ஒரே செல்லை வெவ்வேறு நேரத்தில் மறுபடி மறுபடி வரைந்து கோடுகளை ஒன்றின் மேல் ஒன்றாக வைத்துப் பாருங்கள். கையால் வரையும் எந்த ஆய்வுக்கும் இதைச் செய்யாமல் விடக்கூடாது.

வளைவின் குறி, கூட்டலா கழித்தலா என்பது, நீங்கள் எந்தத் திசையில் சுற்றினீர்கள் என்பதைப் பொறுத்தது. ஒரு செல்லை வலமாகவும் அடுத்ததை இடமாகவும் வரைந்திருந்தால் ஒன்றின் மேடு மற்றொன்றின் பள்ளமாகிவிடும். ஷூலேஸ் சூத்திரம் இங்கே உதவும்: இந்தப் புள்ளியின் எக்ஸை அடுத்த புள்ளியின் ஒய்யால் பெருக்கி, அடுத்ததன் எக்ஸை இதன் ஒய்யால் பெருக்கியதைக் கழித்து, எல்லாவற்றையும் கூட்டிப் பாதியாக்கினால் பரப்பளவு. ஒய் கீழ்நோக்கிப் போகும் படத்தில் விடை கூட்டலாக வந்தால் திரையில் வலஞ்சுழி, கழித்தலாக வந்தால் இடஞ்சுழி. எல்லாவற்றையும் ஒரே திசைக்கு மாற்றிவிட்டு வளைவுக்குப் போங்கள். அந்தப் பரப்பளவையே மெஷரின் எண்ணோடு ஒப்பிட்டுப் பாருங்கள், கொஞ்சம் வித்தியாசம் இருக்கும், ஏனென்றால் மெஷர் உள்ளே விழும் பிக்சல்களை எண்ணுகிறது, நீங்கள் கோட்டுக்குள் இருக்கும் பரப்பைக் கணக்கிடுகிறீர்கள். வித்தியாசம் பெரிதாக இருந்தால் அந்தச் செல்லைத் திறந்து பார்க்க வேண்டும், பெரும்பாலும் கோடு தன்னைத்தானே குறுக்கே வெட்டியிருக்கும்.

பைத்தான்வழி

மேலே சொன்னது எல்லாம் சரி. ஒரு மாற்று வழியையும் சொல்லிவைக்கிறேன். ஆர்ஓஐ மேனேஜரில் எதையும் தேர்ந்தெடுக்காமல் மோர் → சேவ் கொடுத்தால் எல்லா ஆர்ஓஐயும் ஒரே ஜிப் கோப்பாகச் சேமிக்கப்படும். அதை ரோய்ஃபைல் என்ற பைத்தான் தொகுப்பு நேரடியாகப் படிக்கும், ஒவ்வொன்றுக்கும் கோஆர்டினேட்ஸ் கேட்டால் இரண்டு நெடுவரிசை அணியாகத் தந்துவிடும். மேக்ரோவே தேவையில்லை. நீங்கள் மேக்ரோ வழியிலேயே போனாலும் அந்த ஜிப்பை அழிக்காதீர்கள், உரைக்கோப்பைப் படத்தின் மேல் திரும்ப வைத்துப் பார்ப்பதை விட ஜிப்பைப் படத்தின் மேல் இழுத்துப் போட்டுப் பார்ப்பது எளிது, கோட்டைத் திருத்தவும் அதுதான் வேண்டும்.

அந்தக் கோப்பைத் தானே பிரித்துப் படிக்க முயல்கிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: உள்ளே முழு எண் புள்ளிகள் படத்தின் மூலையிலிருந்து அளக்கப்படுவதில்லை, அந்த ஆர்ஓஐயைச் சுற்றிய செவ்வகத்தின் மேல் இடது மூலையிலிருந்து அளக்கப்படுகின்றன. தலைப்பகுதியில் இருக்கும் அந்தச் செவ்வகத்தின் இடது, மேல் எண்களைக் கூட்டாவிட்டால் எல்லாச் செல்லும் ஒரே மூலையில் வந்து குவியும். தொகுப்பைப் பயன்படுத்தினால் இந்தக் கவலை இல்லை.

சிலர் கிரியேட் மாஸ்க் கொடுத்து கறுப்பு வெள்ளைப் படமாக்கி, அதை ஓப்பன்சிவி என்ற படச் செயலாக்க நூலகத்தில் ஃபைன்ட்கான்டூர்ஸ் கொடுத்து ஓரத்தை எடுப்பார்கள். கோடு ஏற்கெனவே கையில் இருக்கும்போது அந்தச் சுற்றுவழி எதற்கு என்பது என் கேள்வி. இதில் ஒரு வித்தியாசமும் ஒளிந்திருக்கிறது. 10க்கு 10 பிக்சல் சதுரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஃபிஜியில் பரப்புத் தேர்வின் கோடு பிக்சல்களின் வெளி விளிம்பில் ஓடும், மூலைகள் 0இலிருந்து 10 வரை, பரப்பளவு 100. ஓப்பன்சிவி ஓரப் பிக்சல்களின் மையங்களை இணைக்கிறது, மூலைகள் 0இலிருந்து 9 வரை, அந்தக் கோட்டின் பரப்பளவு 81. பெரிய செல்லுக்கு இது தெரியாது, சின்ன நியூக்ளியஸுக்கு நன்றாகவே தெரியும். நாபாரி, சைக்கிட்-இமேஜ் என்ற பைத்தான் படக் கருவிகளில் வரிசை முதலில், நெடுவரிசை பிறகு, அதாவது ஒய் முதலில் எக்ஸ் பிறகு. அங்கே கொண்டுபோனால் மாற்றிக்கொள்ளுங்கள்.

நுண்ணோக்கி

கேட்ட நண்பருக்கு ஒன்று. உங்களுக்கு வேண்டியது எந்தச் செல் அதிகம் மடங்கியிருக்கிறது என்ற ஒற்றை எண் மட்டும் என்றால் புள்ளிகளே வேண்டாம். செட் மெஷர்மென்ட்ஸில் ஷேப் டிஸ்கிரிப்டர்ஸ் டிக் போட்டால் சாலிடிட்டி வரும், செல்லின் பரப்பை அதன் குவிந்த உறையின் (செல்லைச் சுற்றி ரப்பர் வளையம் இழுத்து மாட்டியது போன்ற, உள்மடிப்பு இல்லாத கோடு) பரப்பால் வகுத்தது. மடிப்பே இல்லாத செல்லுக்கு 1க்குப் பக்கத்தில், மடிப்பு கூடக் கூடக் குறையும். மடிப்பு எந்த இடத்தில், எத்தனை, எவ்வளவு ஆழம் என்று வேண்டுமென்றால் மட்டும் பல்கோணம் சொன்ன நீள வழி.

வரைகோடு

எந்த இடத்தில் என்பதுதான் எனக்கு வேண்டும், பக்கத்துச் செல் தொடும் பக்கத்தில் மடிகிறதா தொடாத பக்கத்தில் மடிகிறதா என்று பார்க்கிறேன். அதனால் நீள வழிதான். பிக்சல் அளவால் பெருக்கியதும் பரப்பளவு ஒத்துவந்தது, இன்டர்போலேட் போட்டதும் புள்ளிகள் சமமாகிவிட்டன.

ஒரே ஒரு சந்தேகம் மிச்சம். சில செல்லில் நடுவே ஓட்டை இருக்கிறது, ஆல்ட் விசையை அழுத்திக்கொண்டு அதை வெட்டி எடுத்திருக்கிறேன். அந்தச் செல்களில் மட்டும் வெளி ஓரத்திலிருந்து ஓட்டைக்கு ஒரு கோடு தாவுகிறது.

பல்கோணம்

ஓட்டை வெட்டியதும் அது கூட்டு ஆர்ஓஐ ஆகிவிடுகிறது, உள்ளே ஒன்றுக்கு மேற்பட்ட மூடிய கோடு. எல்லாப் புள்ளியையும் ஒரே பட்டியலாக வாங்கினால் ஒரு கோடு முடிந்து அடுத்தது தொடங்கும் இடத்தில் தாவல் தெரியும். இன்டர்போலேட் கொடுப்பதற்கு முன்பே பிரித்துவிட வேண்டும். அந்த ஆர்ஓஐயைத் தேர்ந்தெடுத்து மேனேஜரில் மோர் → ஸ்ப்ளிட் கொடுங்கள், வெளி ஓரம் தனியாக, ஓட்டை தனியாக மேனேஜரில் சேரும். பெயரில் வெளி, உள் என்று குறித்துவிடுங்கள், அட்டவணையில் பின்னால் பிரிக்க அதுதான் உதவும். ரோய்ஃபைல் வழியென்றால் கோஆர்டினேட்ஸ் கேட்கும்போது மல்ட்டி என்ற தேர்வை உண்மை என்று கொடுத்தால் ஒவ்வொரு கோட்டையும் தனித்தனி அணியாகத் தரும்.

பிரித்த பிறகு உருவாகும் கோடு பிக்சல் விளிம்பைப் படிக்கட்டு மாதிரி பின்பற்றி வந்திருக்கக்கூடும், வெட்டும் வேலை நடந்த செல்களில் அப்படி ஆவதுண்டு. அதில் நேரான இடத்துக்குப் புள்ளியே இருக்காது, திரும்பும் மூலைகளில் மட்டும் இருக்கும். 45 பாகையில் சாய்ந்த ஓரத்தைப் படிக்கட்டாக அளந்தால் நீளம் 1.41 மடங்கு காட்டும். ஆகவே ஓட்டை உள்ள செல்லின் சுற்றளவை ஓட்டை இல்லாத செல்லின் சுற்றளவோடு அப்படியே ஒப்பிடாதீர்கள், இரண்டையும் ஒரே இன்டர்போலேட், ஒரே மென்மையாக்கல் வழியாக அனுப்பிவிட்டு அளங்கள். இன்னும் வரைய வேண்டிய செல்கள் இருந்தால் வெட்டவே வேண்டாம், வெளி ஓரத்தை ஒரு ஆர்ஓஐ, ஓட்டையை இன்னொரு ஆர்ஓஐ என்று தனித்தனியாக வரைந்து சேருங்கள், பரப்பளவை அட்டவணையில் கழித்துக்கொள்ளலாம்.